இடப்பக்கச் சக்கரத்தின் காற்று

அன்று அங்கே இருந்தவர்கள்: வண்டிக்குச் சொந்தக்காரரான பிலோமினா, அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்தாறு வருடம் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர், டயர்க்கடை வைத்திருக்கும் நான், பெயர் செங்கோடன், லேத்துப் பட்டறை தாவூது, டீக்கடை பாவாயி, முட்டை லாரி டிரைவர் சடையன், வண்டி நின்ற தோப்பை விலைக்கு வாங்கியிருந்த நல்லியப்பன், அவரோடு வந்த பஞ்சாயத்துத் தலைவர் பொன்னுரங்கம், கோயில் பண்டாரம் வையாபுரி, இவர் சும்மா நிழலுக்கு ஒதுங்கியவர். ஆக எட்டுப் பேர். ஆடு இரண்டு நின்றன, அவற்றைச் சேர்க்கவில்லை. 1989-இல் ஒரு லாரிச் சக்கரத்தின் இரும்பு வளையம் தெறித்து என் இடது கையில் இரண்டு விரலைக் கொண்டுபோனதிலிருந்து எனக்கு விரல் எட்டுத்தான். ஆளுக்கு ஒன்றாக மடக்கினேன், விரலும் மீதியில்லை, ஆளும் மீதியில்லை. இதை முதலிலேயே எழுதி வைக்கக் காரணம், இன்றைக்கு ரோடு பிரியும் எங்கள் ஆலாம்பட்டிப் பிரிவில் "அன்னைக்கு நானும் அங்கதான் நின்னுட்டிருந்தன்" என்று சொல்லிக்கொண்டு திரிபவர்கள் என் கணக்கில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், அதில் இரண்டு பேர் அந்த மாதம் துபாயில் இருந்தார்கள்.

வண்டி என்றால் தானாக ஓடும் வண்டி இல்லை. 1966-இல் நிலத்தடி நீரைத் தேடிப் பார்க்க வந்த ஒரு வெளிநாட்டுக்காரர், தன் ஜீப்புக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்து வந்த வீடு அது. இரண்டு சக்கரம், நான்கு ஜன்னல், மடக்கும் மேசை ஒன்று, படுக்கை இரண்டு, ஒரு அடுப்பு, வெளியே அலுமினியத் தகடு, மூலை என்று ஒன்று எங்கும் இல்லாமல் வழவழவென்று முட்டை மாதிரி இருக்கும். அதனால் ஊரில் அதற்கு முட்டை வண்டி என்று பெயர். நாமக்கல் பக்கத்தில் முட்டை வண்டி என்றால் வேறு பொருள் என்பதால், வழி கேட்டு வந்த முட்டை லாரிகள் பல தடவை தோப்புக்குள் நுழைந்து திட்டிக்கொண்டே பின்னால் வந்திருக்கின்றன. தண்ணீர் கிடைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளிநாட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது, தனக்குச் சமைத்துப் போட்ட ஆரோக்கியத்திடம் வண்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆரோக்கியம் தோப்புக்குக் காவலாக அதிலேயே இருந்து, 1971-இல் கைப்பம்பு வைத்து இரண்டு சக்கரத்துக்கும் காற்று அடித்து, 1974-இல் இறந்தார். பிலோமினா அவர் மகள். அந்தக் காற்றுக்குப் பிறகு யாரும் அதில் காற்று அடிக்கவில்லை, அது குறையவும் இல்லை, அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

ஊரில் எல்லோரும் அவரைச் சிஸ்டர் என்பார்கள். நான் நர்சம்மா என்பேன். ஊரில் எல்லோரும் என்னை அண்ணா என்பார்கள். அவர் மட்டும் "ஏனுங்" என்று கூப்பிட்டு நிறுத்திக்கொள்வார். விரல் போன அன்று துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "எட்டு இருக்குதுங். எட்டையும் பத்திரமா வச்சுக்குங்" என்று சொன்னவர் அவர்தான். ஆபரேஷன் அறையில் பஞ்சும் கத்தரியும் உள்ளே எத்தனை போனது, வெளியே எத்தனை வந்தது என்று எண்ணுகிற வேலை அவருடையது. முப்பத்தாறு வருடத்தில் ஒரு கத்தரி குறைந்ததில்லை. டயர் வேலையும் அப்படித்தான். ஒரு நட்டு குறைந்து போன லாரி எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்சைக் காலி செய்து முட்டை வண்டிக்கு வந்துவிட்டார். பதினான்கு மாதம் கழித்துத் தோப்பை நல்லியப்பன் கல்யாண மண்டபம் கட்ட வாங்கினார். ஒரு மாதத் தவணை, அதற்குள் வண்டியை எடுக்காவிட்டால் ஜேசிபி வந்து தகடு வேறு கம்பி வேறாகப் பிரித்துப் போட்டுவிடும் என்றார். நர்சம்மா பதினான்கு இடத்தில் கேட்டார். ஊசி போட்ட வீடு, பிரசவம் பார்த்த வீடு, கட்டுப் பிரித்த வீடு, பதினான்கிலும் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள், வண்டி நிறுத்த இடமில்லை என்றார்கள். பதினைந்தாவது இடம் என் கடைக்குப் பின்னால் இருந்தது, இருபத்திரண்டு அடி நீளம், பத்தடி அகலம். அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு அவர் தன்னோடு நர்சுப் படிப்பு படித்தவர்களுக்குப் போன் போட்டார். வெவ்வேறு ஊரில் ஒன்பது பேர் இருந்தார்கள், ஒன்பது பேரும் தங்கள் வாசலில் மூன்று மாதம் நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள். பழைய ஜீப் ஒன்றை வாங்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

"ஏனுங். வண்டிக்குக் கால் மாத்தோணுங். ஒம்பது ஊர் தாங்கோணும்."

வண்டியை எடை மேடையில் ஏற்ற வழியில்லை, சடையனின் லாரி ஜாக்கியை வைத்துத் தூக்கிப் பார்த்துக் கணக்குப் போட்டதில் ஆயிரத்து நூற்று நாற்பது கிலோ வந்தது. பழைய டயரில் வெடிப்பு இல்லாத இடம் இல்லை, அந்த அளவு டயர் இப்போது உலகத்தில் எங்கும் வருவதும் இல்லை. ஜீப்பின் சக்கரத்தையே வண்டிக்கும் போட்டுவிட்டால் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் ஆகும் என்று நான் முடிவு செய்தேன். பெரிய டயர், ஆனால் தகட்டுக் கூட்டுக்கும் டயருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி கிடைத்தது, வலது கை விரல். பழைய அச்சில் புதிய சக்கரம் உட்கார இரண்டு இரும்புத் தட்டு வேண்டும், அதைத் தாவூது கடைந்து கொடுப்பதாகச் சொன்னார். அரை நாள் வேலை.

அந்தப் பழைய சக்கரத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. அது ஒரே தகடாக இல்லாமல், முன்பாதி பின்பாதி என்று இரண்டு தட்டை நட்டுப் போட்டு இறுக்கிச் செய்தது. ஒரே வட்டத்தில் பத்து நட்டு. அதில் ஐந்து சக்கரத்தை அச்சில் பிடிக்கும், ஐந்து இரண்டு பாதியைச் சேர்த்துப் பிடிக்கும், பார்வைக்குப் பத்தும் ஒன்றுதான், மேலே ஐம்பது வருட வெள்ளிப் பெயிண்ட் வேறு. காற்று உள்ளே இருக்கும்போது தவறான நட்டைக் கழற்றினால் பாதிச் சக்கரம் பறந்து வந்து நெஞ்சில் அடிக்கும். ஆகவே காற்று முழுக்க இறங்காமல் சக்கரத்தில் ஸ்பானர் வைப்பதில்லை என்பது என் கடை வழக்கம்.

அன்று காலை பத்தரை மணிக்கு வலப்பக்கச் சக்கரத்தின் வால்வு ஊசியைக் கழற்றினேன். இரண்டு நிமிடத்தில் காற்று இறங்கியது. நட்டுகளைக் கழற்றிக் கொடுக்கக் கொடுக்க நர்சம்மா எனாமல் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினார். வால்வுக்கு வலப்பக்கம் முதல் நட்டு அச்சு நட்டு, அடுத்தது பாதி நட்டு, பிறகு அச்சு நட்டு. ஒன்று விட்டு ஒன்று. நானும் பார்த்தேன், கிண்ணம் வைத்திருந்தவரும் பார்த்தார். இடப்பக்கச் சக்கரத்துக்கு இதையே கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிக்கொண்டால் போதும்.

பதினொன்றே கால் மணிக்கு இடப்பக்கச் சக்கரத்தின் ஊசியைக் கழற்றினேன். காற்று வந்தது. வந்துகொண்டிருந்தது. ஐந்து நிமிடம் பொறுத்தேன், பத்து நிமிடம் பொறுத்தேன், தாவூது இரண்டாவது டீ குடித்து முடித்தார், காற்று வந்துகொண்டிருந்தது. காற்றழுத்தம் பார்க்கும் கருவியை வைத்தேன், இருபத்தெட்டு பவுண்டு. அரை மணி கழித்து வைத்தேன், இருபத்தெட்டு. வெளியே நூற்று நான்கு டிகிரி வெயில், இது கிணற்று மேட்டில் விடிகாலையில் அடிப்பது மாதிரிக் குளிர்ந்த காற்று.

"என்னுங்ணா, உள்ள எத்தன அடிச்சு வச்சிருக்குது?" என்றார் சடையன்.

"தெரியலிங்" என்றேன்.

"எங்கியாவது ஓட்டை வழியா வெளிக்காத்து உள்ள போகுதா?" என்றார் தாவூது. அவர் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து டயர் முழுக்கத் தடவிப் பார்த்தார். ஒரு நுரை இல்லை.

பாவாயி மட்டும் எதுவும் கேட்கவில்லை. டீக்கடைக்குப் போய், அணைந்து அணைந்து போகும் விறகடுப்பைத் தூக்கிவந்து வால்வுக்கு எதிரே வைத்தார். அடுப்பு பிடித்துக்கொண்டது. "ஊதி ஊதி நெஞ்சு காஞ்சு போச்சு, இனி இங்கியே டீ போட்டுக்கறன்" என்றார். எங்கள் ஊரில் அந்த அதிசயத்தைப் பற்றி முதல் நாள் நடந்த ஆராய்ச்சி அவ்வளவுதான்.

அந்தக் காற்றில் ஒரு வாசம் இருந்தது. நல்லியப்பன் புது நோட்டு வாசம் என்றார். பண்டாரம் கற்பூரம் என்றார். சடையன் வீட்டு ரசம் என்றார். நர்சம்மா முகத்தை நீட்டி ஒரு தடவை இழுத்துவிட்டு, "எங்கப்பா ரொட்டி சுடுவாருங். அந்த வாசம்" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தில் இருந்த பத்து நட்டையும் மறுபடி எண்ணினார். எனக்கு ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசம் வந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

"இறங்கட்டும். இறங்குனதும் கழட்டிக்கலாம்" என்றேன். இறங்கவில்லை.

மூன்றாம் நாள் கோழிப்பண்ணைக்காரர்கள் வந்தார்கள். அந்த வெயிலில் பண்ணைக்கு நூறு, இருநூறு என்று கோழி செத்துக்கொண்டிருந்தது. அவர்கள் குழாய் போட்டு இழுக்க அனுமதி கேட்டார்கள், வீட்டுக்காரர்கள் மனிதருக்கு அப்புறம்தான் கோழி என்றார்கள், ஆறாம் நாள் பொன்னுரங்கம் தண்ணீர் விடுவதுபோலவே முறை வைத்தார்: ஒன்றாவது வார்டுக்குத் திங்கள், இரண்டாவது வார்டுக்குச் செவ்வாய், கோழிக்கு ஞாயிறு. குடத்துக்குப் பதிலாக லாரி டியூப், பந்துக்குள் இருக்கும் ரப்பர்ப் பை, வாயைக் கட்டிய உரச்சாக்கு என்று தூக்கிக்கொண்டு பெண்கள் வரிசையில் நின்றார்கள். வரிசையில் கல் வைத்து இடம் பிடித்தார்கள்.

"ஏண்டி, நீ காத்தால ரெண்டு டியூப்பு புடிச்சீல்ல? மறுக்கா வந்து நிக்கற?"

"அது மாமியாளுக்கு. இது எனக்கு."

"உன் மாமியா செத்து ரெண்டு வருசமாச்சு."

"அதுக்கென்ன, அவங்களுக்கும் வேர்க்காதா?"

வீட்டுக்குக் கொண்டுபோன காற்றைப் பகலில் கட்டை அவிழ்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டு படுத்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து உறவுக்காரர்கள் காற்று வாங்க வந்தார்கள். காற்று வாங்கப் போகிறோம் என்று நாம் காலகாலமாகச் சும்மா சொல்வது, எங்கள் பிரிவில் மட்டும் சொன்னபடியே நடந்தது. வாங்கினார்கள், கட்டினார்கள், தூக்கிப் போனார்கள். வாங்குவது என்று வந்த பிறகு விற்பவர் யார் என்ற கேள்வி வந்தது. அதற்காகக் காற்றுப் பராமரிப்புக் குழு என்று பதின்மூன்று பேர் போட்டார்கள். நல்லியப்பன் தலைவர், பொன்னுரங்கம் புரவலர். பந்தல் போட்டார்கள், மூங்கில் தடுப்பு கட்டினார்கள், பண்டாரம் வையாபுரியைக் காவலுக்கு வைத்தார்கள். பதின்மூன்று பேரில் நர்சம்மா இல்லை. அவர் வண்டிக்கு உள்ளே போவதற்கு அந்த வரிசையைத் தாண்ட வேண்டியிருந்தது, தாண்டும்போதெல்லாம் "வரிசையில வாங்க சிஸ்டர்" என்றார்கள்.

புதிய சக்கரம் இரண்டும் டயர் ஏற்றித் தயாராக என் கடையில் சாய்ந்திருந்தன. ஒன்று எண்ணூறு கிலோ தாங்கும். தட்டும் கடைந்து வந்துவிட்டது. வலப்பக்கம் ஏழாம் நாளே போட்டு முடித்துவிட்டேன். இடப்பக்கம் ஜாக்கியில் நின்றது.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் பந்தலில் கூட்டம் போட்டார்கள். நல்லியப்பன் எழுந்து, மண்டபத்தின் படத்தைக் கொஞ்சம் மாற்றியிருப்பதாகவும், முட்டை வண்டி இருக்கும் இடத்தில் அப்படியே இருக்க, அதைச் சுற்றி மண்டபம் வரும் என்றும், மண்டபத்துக்குக் காற்று மண்டபம் என்று பெயர் என்றும், ஜேசிபிக்கு வேலையில்லை என்றும் சொன்னார். கை தட்டினார்கள்.

நர்சம்மா எழுந்தார். "அப்ப நான் இங்கியே இருந்துக்கலாங்களா?"

கை தட்டியவர்கள் பொன்னுரங்கத்தைப் பார்த்தார்கள்.

"வண்டி இருக்கட்டுங்க சிஸ்டர்" என்றார் பொன்னுரங்கம். "பொது இடமாப் போச்சு பாருங்க. உள்ள ஒருத்தரு துணி காயப்போட்டுச் சமைச்சுட்டு இருந்தா நல்லாருக்காதில்லீங்களா?"

"வண்டி இருக்கோணும், நான் போகோணும்."

"நீங்க எங்க வேணாலும் தாராளமாப் போலாங்க. உங்களை யாரு புடிச்சு வச்சா?"

"சரிங். அந்தச் சக்கரத்தை மட்டும் நீங்க வச்சுக்குங். எங்கப்பா அடிச்ச காத்து, பரவால்ல, வச்சுக்குங். வண்டி என் வீடு. அதை உடுங்."

நல்லியப்பன் சிரித்தார். "நாங்க உடமாட்டோம்னா சொல்றோம்? காத்து எறங்காம சக்கரத்தைத் தொட்டா ஆளைக் கொன்னுபோடும்னு டயர்க்காரண்ணனே சொல்லிப்போட்டாரு. காத்தோ எறங்கற மாதிரி தெரியல. என்னுங்ணா?"

பந்தலில் இருந்த நூற்று எழுபத்தொரு பேரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை. நர்சம்மாவும் பார்த்தார்.

"ஏனுங், அப்படித்தானுங்களா?"

ஒன்று விட்டு ஒன்று என்று எனக்குத் தெரியும். ஊசியை மாட்டிக் காற்றை அடைத்துவிட்டு, அச்சு நட்டு ஐந்தை மட்டும் கழற்றினால், சக்கரம் காற்றோடு கையில் வந்துவிடும், கால் மணி வேலை, எட்டு நாள் மிச்சமிருக்க அவர் போய்விடலாம். முதல் நாள் பதினொன்றே கால் மணிக்கே எனக்கு அது தெரியும். கிண்ணம் வைத்திருந்த அவருக்கும் தெரியும்.

"ஆமாங்" என்றேன்.

அவர் உட்கார்ந்துகொண்டார். என்னைப் பொய்யன் என்று அந்த இடத்தில் காட்டிக் கொடுக்க அவருக்கு ஒரு வாக்கியம் போதும். கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு ஆறு நாள் அவர் என்னை "ஏனுங்" என்று கூப்பிடவில்லை, வேறு எப்படியும் கூப்பிடவில்லை. பாத்திரங்களையும் துணிகளையும் பெட்டியில் அடுக்கினார். பெட்டி மூன்று. கடைக்குப் பின்னால் இருந்த இருபத்திரண்டு அடியை நான் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அதில் பழைய டயர் நாற்பத்தாறு கிடந்தன, அவற்றை நகர்த்தினால் இடம் இருக்கும், இடம் இருக்கிறது என்று சொன்னால் அவர் இருக்கக்கூடும், இருக்கக்கூடும் என்பதை வாயைத் திறந்து கேட்க வேண்டும். ஒருவருடைய வீட்டை ஜாக்கியில் நிறுத்திவைப்பது எனக்கு அதைவிடச் சுலபமாக இருந்தது.

பத்தொன்பதாம் நாள் திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீசில் மனு நாள். முட்டை வண்டியையும் அதன் காற்றையும் ஊருக்கே நிரந்தரமாக எழுதிக் கொடுக்கச் சொல்லி மனு கொடுக்க, நானும் நர்சம்மாவும் தவிர, பிரிவில் இருந்த எல்லோரும் இரண்டு லாரி, ஒரு வேன் பிடித்து நாமக்கல்லுக்குப் போனார்கள். பாவாயிகூடப் போனார். காவலுக்கு வையாபுரிப் பண்டாரம் மட்டும் இருந்தார். பந்தலில் காற்றுக்கு நேராகப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

நான் ஸ்பானரையும் புதிய சக்கரத்தையும் உருட்டிக்கொண்டு போனேன். மணி பன்னிரண்டே கால். நர்சம்மா படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணு உட்டு ஒண்ணுங்" என்றேன்.

"தெரியுங்."

"தெரிஞ்சுமா அன்னைக்குக் கம்முனு இருந்தீங்க?"

"நீங்க கம்முனு இருந்தீங். ஏன்னு சொல்லுவீங்களான்னு பாத்தன்."

நான் ஸ்பானரைத் துடைத்தேன். அவர் பார்த்துவிட்டு எழுந்து போய் எனாமல் கிண்ணத்தை எடுத்து வந்தார்.

ஊசியை மாட்டினேன். காற்று நின்றது. பத்தொன்பது நாளாக ஓடிய சத்தம் நின்றதும் தோப்பில் தென்னை மட்டை உரசுவது கேட்டது, பண்டாரம் புரண்டு படுத்தார், எழவில்லை. நர்சம்மாவைத் தள்ளிப் போகச் சொன்னேன். ஓயாத காற்று உள்ளே இருக்கிறது. கண்ணாடிக் கணக்கில் ஒரு நட்டு பிசகினாலும் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும்.

"தள்ளிப் போனா யாருங் எண்ணறது?" என்றார்.

பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இந்த முறை வால்வுக்கு இடப்பக்கம் முதல் நட்டில் ஸ்பானரை வைத்தேன். பெயிண்ட் வெடித்தது. நட்டு திரும்பியது. வேறு எதுவும் திரும்பவில்லை.

"ஒண்ணுங்" என்றார்.

ஒன்று விட்டு அடுத்தது. "ரெண்டுங்." என் நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது, அவர் ஆஸ்பத்திரியில் டாக்டருக்குத் துடைப்பதுபோல் புடவை முந்தானையால் ஒரு தடவை ஒற்றினார். "மூணுங்." "நாலுங்." ஐந்தாவது இறுகிப் போயிருந்தது. மூன்று விரல் கையை ஸ்பானரின் பிடியில் வைத்து வலது கையால் அதன்மேல் அழுத்தினேன், அவர் தன் கையையும் வைத்து அழுத்தினார்.

"அஞ்சுங்."

சக்கரம் காற்றோடு என் மடியில் வந்து உட்கார்ந்தது. கனமே இல்லை. ஒரு தலையணை அளவுகூட இல்லை.

தாவூது கடைந்த தட்டை வைத்துப் புதியதை மாட்டி, ஐந்து புது நட்டையும் முறுக்கி, ஜாக்கியை இறக்கினேன். வண்டி இரண்டு பக்கமும் சமமாக நின்றது. பிறகு ஒரு வேலை செய்தேன், அவர் சொல்லவில்லை, நானாகச் செய்தேன். வலப்பக்கத்துப் பழைய சக்கரத்தைக் கடையிலிருந்து எடுத்து வந்து, இரண்டு பாதியையும் அதன் ஐந்து நட்டைப் போட்டு இறுக்கி, கடைக் கம்ப்ரசரில் இருபத்தெட்டு வரைக்கும் காற்று அடித்து, பந்தலில் கல் அடுக்கி அதன்மேல் நிறுத்தினேன். இடப்பக்கத்துச் சக்கரத்தை முட்டை வண்டிக்கு உள்ளே படுக்கைக்கு அடியில் வைத்தேன். இரண்டும் ஒரே அளவு, ஒரே பெயிண்ட், ஒரே வெடிப்பு.

"திருட்டு வேலைங்" என்றார் நர்சம்மா.

"உங்கப்பா அடிச்ச காத்துங்" என்றேன். எனக்கு அப்படிப் பேச வந்ததே ஆச்சரியம்.

ஜீப்பில் கொக்கியை மாட்டினோம். இரண்டே முக்கால் மணிக்கு முட்டை வண்டி ஐம்பத்து மூன்று வருடம் கழித்துத் தார் ரோட்டில் ஏறியது. சத்தமே இல்லை. கரூர்ப் பக்கம் திரும்பியது. பண்டாரம் அப்போதும் எழவில்லை.

மனு கொடுத்தவர்கள் ஐந்தரை மணிக்கு வந்தார்கள். வண்டி இருந்த இடத்தில் சக்கரத்துக்கு இரண்டு, ஜாக்கிக்கு இரண்டு என்று நான்கு குழி இருந்தது. பொன்னுரங்கம் என்னைப் பார்த்து, "சக்கரம்?" என்றார். கையைக் காட்டினேன். "அப்பாடா" என்றார். நல்லியப்பன் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இதுவும் நல்லதுக்குத்தான், வண்டி எடத்தை அடைச்சுட்டு இருந்துது" என்றார். சிஸ்டர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. முப்பத்தாறு வருடம், யாரும் கேட்கவில்லை.

பொன்னுரங்கம் ஊசியைக் கழற்றினார். இருநூற்றுச் சொச்சம் பேர் எதிரே உட்கார்ந்தார்கள், சரியாக எண்ணவில்லை, அன்று என் கண் கரூர் ரோட்டில் இருந்தது. காற்று வந்தது, கம்ப்ரசர்க் காற்று, ரப்பரும் எண்ணெயும் நாறும் காற்று. இரண்டு நிமிடம் வந்தது. நின்றது. யாரும் அசையவில்லை. நின்றுபோனது என்று முதலில் சொல்கிறவன் தலையில்தான் அது விடியும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த அமைதியில் பாவாயி முந்தானையை விரித்துப் பிடித்துக் கண்ணை மூடி, "என்ன குளுமை, என்ன குளுமை" என்றார். பக்கத்தில் இருந்தவர், "இன்னைக்கு முன்னைவிட ஜாஸ்தி" என்றார். பண்டாரம் கற்பூர வாசம் வருகிறது என்றார்.

காற்று மண்டபம் கட்டி முடிந்து அந்தச் சக்கரம் இப்போது கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது. வார்டு முறை அப்படியே நடக்கிறது. டியூப்பைக் கொண்டுவந்து வால்வில் வைத்து, எண்பது வரை எண்ணிவிட்டு, வாயைக் கட்டித் தூக்கிக்கொண்டு போகிறார்கள். தொய்ந்து கிடக்கும் டியூப்பைக் கனமாக இருப்பதுபோல் இடுப்பில் வைத்துச் சாய்ந்து நடக்கிறார்கள். போன மாசி மாதம் வரிசையில் நடந்த அடிதடியில் ஒருவருக்கு மண்டை உடைந்து ஏழு தையல் போட்டார்கள். வெளியூர்க்காரர் ஒருவர், ஒன்றும் வரவில்லையே என்று கேட்டதற்கு, "உங்களுக்கு வராதுங்க, நீங்க அன்னைக்கு இல்ல" என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் அன்று இருந்தவர்களின் எண்ணிக்கை முந்நூற்றுப் பன்னிரண்டு ஆனது.

நட்டுக் கணக்கை முடிக்க வேண்டும். பழைய நட்டு மொத்தம் இருபது. வலப்பக்கச் சக்கரத்தின் பாதி நட்டு ஐந்து கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது. இடப்பக்கச் சக்கரத்தின் பாதி நட்டு ஐந்து அதனோடேயே போய்விட்டது. அச்சு நட்டு பத்து. கழற்றிய பழைய நட்டைச் சொந்தக்காரர் கையில் எண்ணிக் கொடுப்பது கடை வழக்கம். அன்று ஜீப் கிளம்புவதற்கு முன் பத்தையும் மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் சுற்றி, அவர் கையில் வைத்தேன். அவர் துணியைப் பிரித்து எண்ணினார். எண்ணி முடித்து ஒன்றை எடுத்து என் இடது கையில், மூன்று விரலுக்கு நடுவே வைத்து மூடினார்.

"பத்து இருக்குதுங்" என்றார். "கையில ஒம்பது ஊர்தான் இருக்குது. ஊருக்கு ஒண்ணுன்னு எடுத்துக்கறன். பத்தாவது எடம் ஒண்ணு இருக்குதுன்னு யாராச்சும் வாயைத் தொறந்து சொன்னா, வந்து வாங்கிக்கறன். ஏனுங்?"

"கடைக்குப் பின்னால" என்றேன். "இருபத்திரண்டு அடிங்."

"அளந்து வச்சுட்டா இத்தன நாளும் இருந்தீங்?" என்று கேட்டுவிட்டு ஜீப்பைக் கிளப்பினார்.

ஊருக்கு மூன்று மாதம், ஒன்பது ஊர், இருபத்தேழு மாதம். நாற்பத்தாறு டயரையும் அகற்றிவிட்டேன், தரையைத் தட்டிச் சமன் செய்துவிட்டேன். நேற்றோடு இருபத்தாறு மாதம் முடிந்தது. கல்லாப் பெட்டி மேல் வைத்திருக்கும் நட்டை இன்று காலையிலும் எடுத்துத் துடைத்து எண்ணினேன். மீதி ஒன்று.